சேவ் பட்டன் ஸ்கிரீனுக்குக் கீழே போய்விட்டால்: ஸ்கேலிங்கைக் குறைப்பதா, ப்ரோக்ராமைத் தொடுவதா, பழைய மொனிட்டரைத் தேடுவதா?

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். அதனால் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் பழைய டெஸ்க்டொப்பை ஓரங்கட்டிவிட்டு, பெட்டரியில் ஓடட்டும் என்று ஒரு லெப்டொப் வாங்கி, தொழிலாளரின் வேலையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் ப்ரோக்ராமை அதில் ஏற்றினார்கள். ஏற்றிய அன்றே பெரிய கிளாக்கர் ஐயா எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, பேரெல்லாம் போட்டுட்டேன், கொழுந்து கிலோவும் அடிச்சிட்டேன், சேவ் பட்டனைத்தான் காணோம்."

போய்ப் பார்த்தேன். விண்டோவின் அடிப்பாகம் டாஸ்க்பாருக்குக் கீழே புதைந்து கிடந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அசையவில்லை, அளவு மாற்ற முடியாத வகை விண்டோ அது. ஐயா அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கடைசிப் பெட்டியிலிருந்து ஏழு தரம் டேப், அப்புறம் என்டர். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி கீபோர்டுக்கு மேலே ஒட்டியிருந்தார். எட்டாவது டேப்பில் இருப்பது கிளியர் பட்டன். ஒரு தரம் எண்ணிக்கை தவறினால் அன்று அடித்த வேலைப் பதிவு முழுக்கப் போய்விடும், அதுவும் 10ஆம் திகதி சம்பளத்துக்கு முந்தின நாட்களில். இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காரணம் எளிது. பழைய சதுர மொனிட்டர் 1280×1024. லெப்டொப் 1366×768. அகலம் கூடியது, உயரம் குறைந்தது. ப்ரோக்ராமின் விண்டோ 700 பிக்சல் உயரம், அது 768க்குள் அடங்கவே வேண்டும், ஆனால் ஐயாவுக்குக் கண் மங்கல் என்று யாரோ ஸ்கேலிங்கை, அதாவது ஸ்கிரீனில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் செட்டிங்கை, 125 சதவீதம் வைத்திருந்தார்கள். 700 அப்படியே 875 ஆகிவிட்டது.

எல்லோரும் முதலில் கை வைப்பது ஸ்கேலிங்கில்தான். 100க்கு இறக்கினால் டாஸ்க்பாருக்குப் போக 720க்குக் குறையாமல் மிஞ்சும், விண்டோ அடங்கிவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் மெயில், எக்செல், எல்லாமே பொடி எழுத்தாகிவிடும். ஒரு ப்ரோக்ராமின் குறைக்காக ஐயாவின் கண்ணைத் தண்டிக்கும் வழி இது, எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது அந்த ஒரு ப்ரோக்ராமை மட்டும் மாற்றுவது. ஐகனில் ரைட் கிளிக், ப்ரொப்பர்ட்டீஸ், கொம்பட்டிபிலிட்டி, அங்கே ஹை டிபிஐ செட்டிங். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'சிஸ்டம் என்ஹான்ஸ்ட்' என்று கண்ட இடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அதைத் தேர்ந்துவிட்டு, பட்டன் இன்னும் வரவில்லையே என்பார்கள். வராது. அது மங்கிய எழுத்தைத் தெளிவாக்கத்தான், விண்டோவின் அளவு 875 ஆகவே இருக்கும். நமக்கு வேண்டியது 'அப்ளிகேஷன்'. அதைத் தேர்ந்தால் விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்குவதை விட்டுவிடும், விண்டோ 700க்குத் திரும்பும். ஆனால் ப்ரோக்ராமே தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும் வகையாக இருந்தால் இதில் ஒரு மாற்றமும் தெரியாது. ஐயாவின் ப்ரோக்ராம் கேட்டது, பட்டனும் வந்தது. ஆனால் மற்றதெல்லாம் பெரிதாக இருக்க, அவர் நாள் முழுக்கப் பார்க்கும் செக்ரோல் மட்டும் சிறிதாகிப் போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப மாற்றிவிட்டேன்.

கீபோர்ட் வழி ஒன்று இருக்கிறது. ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, அப்புறம் எம், அப்புறம் மேல் அம்பு. விண்டோ தலைப்புப் பட்டையோடு ஸ்கிரீனுக்கு மேலே ஏறும், அடியில் சேவ் தெரியும். செட்டிங் எதையும் தொட வேண்டாம், எந்தக் கணனியிலும் செய்யலாம். தினம் முப்பது தரம் செய்கிற வேலைக்கு ஒத்துவராது என்பதுதான் குறை. சில ப்ரோக்ராம்களில் விண்டோவே ஸ்கிரீன் உயரத்துக்கு வெட்டுப்பட்டு நிற்கும், அப்படியானால் மேலே தள்ளினாலும் அடியில் பட்டன் இருக்காது.

டாஸ்க்பாரை ஒளித்து வைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும், 875க்கு அது போதாது. விண்டோவை இழுத்து மாற்ற வெளி மென்பொருட்களும் இருக்கின்றன, சம்பளக் கணக்கு இருக்கும் கணனியில் அவற்றை நான் ஏற்றுவதில்லை.

கடைசியில் ஸ்டோரில் கிடந்த அந்தப் பழைய சதுர மொனிட்டரையே எடுத்துத் தூசி தட்டினோம். லெப்டொப்பில் எச்டிஎம்ஐ இணைப்பு மட்டும் இருந்ததால் பழைய மொனிட்டரின் விஜிஏவுக்கு மாற்றும் ஒரு அடப்டர் வாங்க வேண்டி வந்தது. 1024 உயரத்தில் 875, டாஸ்க்பாரும் சேர்த்து, தாராளமாக அடங்கியது. ஸ்கேலிங் 125லேயே இருக்கிறது, ஐயாவுக்கு எழுத்தும் பெரிது, பட்டனும் கண் முன்னே. பழைய மொனிட்டர் கையில் இருந்தால் என் முதல் தேர்வு இதுதான், இல்லாவிட்டால் 'அப்ளிகேஷன்'.

இத்தனையும் ஒட்டுப்போடுகிற வேலைதான், உண்மையான மருந்து ப்ரோக்ராம் எழுதியவரிடம் இருக்கிறது. விண்டோஸ் ப்ரோக்ராம் எழுதும் கருவியான டொட்நெட் விண்டோஸ் ஃபோர்ம்ஸில் செய்திருந்தால், ஃபோர்மின், அதாவது அந்த விண்டோவின், ஆட்டோஸ்க்ரோலை ட்ரூ என்று வைத்து, ஓரத்தை இழுக்க விட்டாலே போதும், ஸ்கிரீன் சிறிதானால் ஸ்க்ரோல்பார் வரும். பட்டன்களின் ஆங்கரை பொட்டம், ரைட் என்று வைத்தால் அவை விண்டோவின் கீழ் மூலையோடு ஒட்டிக்கொண்டே நகரும், ஆனால் மேலே இருக்கும் பெட்டிகள் நெருக்கமாக இருந்தால் பட்டன் அவற்றின் மேல் ஏறி உட்காரும். பெட்டிகளையும் பட்டன்களையும் கட்டம் கட்டமாக அடுக்கும் டேபிள் லேயவுட் பெனல் அதைவிட நல்லது, எழுத நேரம் எடுக்கும். தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: 'சேவ்' என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கு அளந்த பட்டனில் 'சேமிக்கவும்' அடங்காது. 'சேமிக்' என்று வெட்டுப்பட்டு நிற்கும் பட்டன்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். தயவுசெய்து, எழுத்துக்கேற்ப பட்டன் விரிய, ஆட்டோசைஸ் போடுங்கள்.

கரண்ட் போனால் மொனிட்டர் அணையும், லெப்டொப் ஓடும், விண்டோ மட்டும் அணைந்த மொனிட்டரிலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு. டாஸ்க்பாரில் அந்த ஐகனைக் கிளிக் பண்ணி, விண்டோஸ் பட்டனும் ஷிஃப்டும் இடது அம்பும் சேர்த்து அழுத்தினால் லெப்டொப்புக்கு வந்துவிடும். அங்கே சேவ் மறைந்திருந்தால் ஆல்ட், ஸ்பேஸ், எம். ஐயாவின் துண்டுக் காகிதத்தில் டேப் கணக்கை அடித்துவிட்டு இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.