ஆச்சியின் பத்தமடைப் பாய், 14 ஆண்டுகளாகத் திரையாக

1961-இல் ஆச்சியின் திருமணத்துக்கென்று பத்தமடையில் சொல்லி நெய்வித்த பாய், அம்மாவின் கை வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து தருவது அவ்வூர் வழக்கம். இதிலும் தாத்தா பெயரும் ஆச்சி பெயரும் சிவப்புக் கோரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. விரித்துப் படுக்கவும் மனம் வரவில்லை, பரணில் போட்டு வைக்கவும் மனம் ஒப்பவில்லை. ஆகவே பாளையங்கோட்டை வீட்டில் கூடத்துக்கும் பூசை அறைக்கும் நடுவே திரையாகத் தொங்கவிட்டேன்.

பட்டுப் பாய் என்று பெயரே தவிர, எங்கள் பாயில் பட்டு இழை ஒன்றுகூட இல்லை. தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடியும் உலர்த்தி, தண்டின் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற சோற்றை வழித்தெடுத்து, நூல்போல் மெலிந்த அந்த நாரைக் குறுக்கே ஓடும் ஊடையாகவும் பருத்தி நூலை நெடுக்கே ஓடும் பாவாகவும் வைத்து நெய்வதால்தான் அந்த வழுவழுப்பு வருகிறது. இத்தனை ஆண்டுக்குப் பின்னும் கையை ஓட்டினால் ஒரு சிலும்பு தட்டுவதில்லை. வெயில் படும் பக்கத்தில் மட்டும் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருக்கிறது.

முதலில் தேய்வது கோரை அன்று, பாவு நூல்தான். தொங்கவிட்டால் பாயின் பாரம் முழுவதையும் அந்த நூல்களே தாங்குகின்றன. இதை அறியாமல், கம்பு நுழைப்பதற்காக மேல் ஓரத்தை ஒரு தையல்கடையில் இயந்திரத்தில் அடிக்கக் கொடுத்தேன். ஊசி நூல்களை அறுத்துக்கொண்டு வரிசையாகத் துளையிட்டுவிட்டது. இரண்டாம் ஆண்டு ஆடிக் காற்றில் அந்தத் துளை வரிசையிலேயே ஒரு சாண் நீளம் பிளந்தது. அன்று நான் அழுதேன். பத்தமடையில் பாய் நெய்யும் ஓர் அம்மா, பின்புறம் பழைய வேட்டித் துணியை அகலமாக வைத்து, பாவு நூல்களுக்கு இடையே கையூசியை நுழைத்துத் தைத்துத் தந்தார்கள். அந்தத் தையல் இன்றுவரை அசையவில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அந்த இரண்டு மாதமும் கழற்றி, மடிக்காமல் சுருட்டி, வேப்பிலையோடு பீரோவின் மேல் வைத்துவிடுகிறேன். தண்ணீரில் அலசியதே இல்லை. பிழிந்த துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுவதே போதும்.

புதிதாக நெய்யச் சொல்லித் திரையாக்க விரும்புவோர், தறியிலிருந்து எடுக்கும்போதே மேல் முனையில் பாவு நூலை ஒரு சாண் கூடுதலாக விடச் சொல்லுங்கள். அதைக் கொத்துக் கொத்தாக முடிந்து கம்பில் கட்டிவிடலாம், ஊசியே வேண்டாம்.