மாண்டிசோரியில் சேர்க்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

மதிப்பெண் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரே வகுப்பு. இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். முந்தைய பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் மகளுக்கு வயிற்றுவலி வரும், அது நின்றால் போதும் என்றுதான் மாற்றினோம். நின்றுவிட்டது.

என்னால் தாங்க முடியாதது பெற்றோர் கூட்டம். எப்போது சரளமாக வாசிப்பாள் என்று கேட்டால் "தயாராகும்போது", எழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது என்றால் "குழந்தையை நம்புங்கள்". நம்பித்தானே ஐயா சேர்த்தேன்! பருவ அறிக்கையில் "ஆர்வத்துடன் ஈடுபடுகிறாள்" என்று ஒரு வரி, போன தடவையும் அதே வரி. குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி என்று அவர்களே சொல்கிறார்கள், அப்படியானால் அந்தக் குறிப்பிலிருந்து எதில் தடுமாறுகிறாள் என்று நாலு வரி எங்களுக்கும் தரலாமே, மார்க்கா கேட்டோம்?

அப்புறம் வகுப்பைப் பார்க்க ஒருநாள் அனுமதித்தார்கள், மூலையில் ஒரு நாற்காலி, பேசக்கூடாது. மகள் மணிகளை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். உதிரி மணி ஒன்று, கம்பியில் கோத்தது பத்து, சதுரம் நூறு, கனசதுரம் ஆயிரம். உதிரிகள் பத்தைத் தாண்டியதும் பத்தை எண்ணி எடுத்துக்கொண்டு எழுந்து போய், கொடுத்துவிட்டு ஒரு கம்பி வாங்கி வந்தாள். கீழே கொஞ்சம் சிந்தியது, தானே பொறுக்கி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள், யாரும் அவசரப்படுத்தவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. 'மேலே ஒன்று' என்று நான் சின்ன வயதில் மனப்பாடமாகப் போட்டது இதுதானா என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பள்ளி தேடுகிறவர்களுக்கு ஒன்று. மரியா மாண்டிசோரி ரோமில் 1907இல் தொடங்கிய முறை இது, ஆனால் அந்தப் பெயர் யாருடைய தனிச்சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் குழந்தைகளை இடையில் கலைக்காமல் விடுகிறார்களா என்று நேரில் பாருங்கள். அரைமணிக்கொரு முறை மணியடித்தால் பெயர் மட்டும்தான் மாண்டிசோரி.

சேர்க்கலாமா என்றால், இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன், நேற்றுதான் கூட்டத்துக்குப் போய்வந்தேன். மகளுக்கு அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, சின்னவனுக்கும் இடம் கேட்டிருக்கிறோம்.