பெர்லின் நேச நாடுகள் அருங்காட்சியகம்: 1994-இல் நின்றுபோகும் கதை

பெர்லினுக்கு வருகிறவர்கள் நகர மையத்தில் செக்பாயின்ட் சார்லி சாவடி (நகரம் பிரிந்திருந்த காலத்தில் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே இருந்த சோதனைச் சாவடி) முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது நகல். 1990 ஜூனில் கிரேனால் தூக்கி அகற்றிய அசல் சாவடி, டாலம் பகுதியில் உள்ள நேச நாடுகள் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் நிற்கிறது. நேச நாடுகள் என்றால் இங்கே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு பெர்லினில் படை வைத்திருந்த அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ். யூ3 ரயிலில் ஓஸ்கர்-ஹெலன-ஹைம் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். கட்டணம் கிடையாது, திங்களன்று விடுமுறை.

கட்டடம் முன்பு அமெரிக்கச் சிப்பாய்களுக்கான திரையரங்கு. முற்றத்திலுள்ள பிரிட்டிஷ் ஹேஸ்டிங்ஸ் விமானத்தை அவசரமில்லாமல் பாருங்கள். 1948-இல் சோவியத் தரப்பு, தன் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு நடுவே இருந்த மேற்கு பெர்லினுக்கான சாலையையும் ரயிலையும் அடைத்தபோது, இந்த ரக விமானங்கள் நிலக்கரி சுமந்தன. ஏறத்தாழ 2,78,000 பயணங்கள், 23 லட்சம் டன் சரக்கு. அந்த இறக்கையின் கீழே நிற்கும்போதுதான் இந்த எண்களின் கனம் உறைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது உளவுச் சுரங்கத்தின் ஒரு துண்டு. எஃகு வளையங்களை இணைத்த குழாய். சோவியத் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்க அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் தோண்டியது. ஜார்ஜ் பிளேக் என்ற பிரிட்டிஷ் உளவாளி வழியாக, தோண்டும் முன்பே மாஸ்கோவுக்குச் செய்தி போய்விட்டது!

இனி என் குறை. கூட வந்த நண்பரின் மகள், எல்லாம் பார்த்து முடித்ததும், "அப்போ ஜெர்மனிக்கு ராணுவமே இல்லையா மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அங்கே இருப்பதெல்லாம் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சுச் சீருடைகள். மேற்கு பெர்லினில் ஜெர்மன் படைக்கு அனுமதி இல்லை, அங்குள்ள இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையும் இல்லை. ஆனால் அதே காலத்தில் மேற்கு ஜெர்மனி ஏறக்குறைய 5 லட்சம் வீரர்களை வைத்திருந்தது. 1980-களில் அதன் ராணுவச் செலவு நாட்டு வருமானத்தில் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அமெரிக்கக் குடையின் கீழ் சும்மா உட்கார்ந்திருந்த நாடு இல்லை அது.

சும்மா இருந்தது அதற்குப் பிறகுதான். கடைசி நேச நாட்டுப் படைகள் 1994 செப்டம்பரில் பெர்லினிலிருந்து கிளம்பின. அருங்காட்சியகத்தின் கதையும் அதோடு நின்றுவிடுகிறது. 2014-இல் ஜெர்மனியின் ராணுவச் செலவு 1.2 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. மேற்கத்திய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் 2 சதவீத இலக்கை அந்த வருடம் எட்டிய நாடுகள் மூன்றே மூன்று: அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ். 2022-இல் உக்ரைன் மீது ரஷ்யா பாய்ந்த பிறகு ஜெர்மன் அரசு ராணுவத்துக்கென 10,000 கோடி யூரோவில் சிறப்பு நிதி ஒதுக்கியது. 2025-இல் ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாடு, 2035-க்குள் 5 சதவீதம் என்று இலக்கை உயர்த்தியது. இங்கே வரி கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பணம் எதற்கு என்று விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இன்னொன்றும் அங்கே இருந்திருக்க வேண்டும். ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோவின் ஐந்தாம் பிரிவு இதுவரை ஒரே முறைதான் அமலானது, அதுவும் 2001-இல் அமெரிக்கா தாக்கப்பட்டபோது. அதையடுத்து ஆப்கானிஸ்தான் சென்ற ஜெர்மன் வீரர்களில் 59 பேர் உயிரிழந்தார்கள். கணக்கு பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். விளக்கப் பலகைகள் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் தெளிவாக இருக்கின்றன. பிள்ளைகளோடு போனால் அரை நாள் ஒதுக்குங்கள், அவர்கள் கேள்வி கேட்பார்கள்.