பிளம் பூ ஜாடியா, இரட்டை மகிழ்ச்சி ஜாடியா?

பழைய சீன நீல வெள்ளைப் பீங்கானில் ஒரு ஜாடி வாங்கலாம் என்று தேடியபோது கடைசியில் இந்த இரண்டுதான் மிஞ்சின. நான் இரட்டை மகிழ்ச்சியை எடுத்தேன்.

அழகில் போட்டியே இல்லை, பிளம்தான். விரிசல் விட்ட பனிக்கட்டி போல நீலத் தரை, அதில் வெள்ளையாக விட்டுவைத்த ஐந்திதழ்ப் பூக்கள். குளிர் விலகும் முன்பே இலையில்லாத கிளையில் பூப்பதால், சீனர்களுக்கு இது மன உறுதியின் அடையாளம். மற்றதில் தாமரைக் கொடிகளுக்கு நடுவே ‘இரட்டை மகிழ்ச்சி’ என்னும் சீன எழுத்து சுற்றிச் சுற்றி வரும். கல்யாண வாழ்த்து, அவ்வளவுதான்.

சரி, நாளைக்கு விற்க வேண்டி வந்தால்? அங்கேதான் பிளம் ஜாடி தலைவலி. இந்த அலங்காரம் காங்சி பேரரசர் காலத்தில் (1662–1722) சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேசென் சூளைகளில் செழித்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் கிராக்கி ஏறியதும் அதே மாதிரியை மறுபடி செய்து, அடியில் காங்சியின் பெயரையும் எழுதிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1677-இல் பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று அவ்வூர் அதிகாரி தடை போட்டிருந்தார். உடைந்த சில்லு காலில் மிதிபடுமே என்றுதான். அதனால் அசல் காங்சி ஜாடிகள் பலவற்றின் அடியில் இரண்டு நீல வளையங்கள் மட்டும் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. பெயர் இருந்தால்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்! செய்த காலம் மாறினால் விலை பல மடங்கு மாறும். அதை நிரூபிக்கும் பாடு விற்பவருக்கு.

இரட்டை மகிழ்ச்சியில் இந்த இழுபறி குறைவு. சந்தைக்கு வரும் பழைய ஜாடிகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, விலையும் அப்படியே பேசப்படுகிறது. புதுப் போலிகள் இதிலும் ஏராளம். ஆனால் எழுத்தை உற்றுப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். என் ஜாடியில் ஓர் எழுத்தின் அகலம் அடுத்ததோடு ஒத்துப்போகவில்லை, தூரிகை நின்ற இடங்களில் நீலம் தேங்கிக் கறுத்திருக்கிறது. எழுத்தை அச்சடித்து ஒட்டிய ஜாடியில் எல்லா எழுத்தும் ஒரே அச்சாக இருக்கும். கையால் எழுதிய புதுப் போலியையும் கண்டுபிடிப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தவிர, நான் இன்னும் எதையும் விற்றதில்லை. விலைப் பேச்சை எல்லாம் கடைகளில் நின்று கேட்டதுதான்.

மூடியில் இரண்டும் ஒன்றுதான். பீங்கான் மூடி தொலைந்து மரமூடி ஏறியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். அப்புறம், பிளம்தான் வேண்டும் என்றால், 19-ஆம் நூற்றாண்டுப் பிரதி என்று கடைக்காரரே ரசீதில் எழுதித் தரும் ஜாடியாகப் பார்த்து, அந்த விலைக்கே வாங்குங்கள்.