புத்தகப் பரிந்துரை: வாட்ஸ்அப் குழுவா, கூகுள் ஷீட்டா?

அபுனைவு (கதை அல்லாத) நூல்களை நண்பர்களுக்குள் பரிந்துரைத்துக்கொள்ள எது வசதி? இரண்டும் இலவசம். வித்தியாசம் மற்றதில்தான்.

தொடங்க: வாட்ஸ்அப்பில் அட்டையைப் படமெடுத்துப் போட்டால் முடிந்தது. ஷீட்டில் (பலரும் சேர்ந்து நிரப்பும் இணைய அட்டவணை) முதலில் நெடுவரிசைத் தலைப்புகளைப் போட்டு, எல்லோருக்கும் 'எடிட்டர்' (திருத்தும்) அனுமதி தர வேண்டும்.

தேட: வெறும் அட்டைப் படம் ஆறு மாதம் கழித்துச் சிக்குவது கஷ்டம், படத்தோடு நூலின் பெயரையும் தட்டச்சு செய்ய வேண்டும். 'பின்' (pin) செய்து குழுவின் மேலே நிறுத்தினாலும் மூன்று செய்திகள்தான், அதுவும் அதிகபட்சம் 30 நாள். ஷீட்டில் ஃபில்டர் போட்டால் பொருளாதாரம் மட்டும் தனியே வரும். ஆனால் ஒருவர் 'வரலாறு' என்றும் இன்னொருவர் 'சரித்திரம்' என்றும் எழுதினால் ஃபில்டர் பாழ். துறைக்கான நெடுவரிசைக்கு டிராப்டவுன் (தேர்ந்தெடுக்கும் பட்டியல்) வையுங்கள்.

ஆறு நெடுவரிசை போதும்: நூல், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பு ஆண்டு, துறை, யாருக்கு ஏற்றது. பதிப்பு ஆண்டை விடவே கூடாது. ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தது. அதற்கு முந்தைய வாட் (பழைய விற்பனை வரி) கையேட்டை இன்று கடை வைக்கப்போகிறவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? மருத்துவம், சட்டம் எல்லாம் இதே கதைதான்.

பேச: ஓர் அத்தியாயத்தை வைத்துச் சண்டை போட வாட்ஸ்அப்தான் இடம் (நடுவே 'குட் மார்னிங்' படங்கள் வரும், வேறு வழியில்லை). ஷீட்டில் கமெண்ட் வசதி இருந்தும் பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மூன்று பேர், மாதம் ஒரு புத்தகம் என்றால் வாட்ஸ்அப்பே போதும். ஆள் கூடினால், துறை துறையாகப் படிப்பவர்கள் என்றால் ஷீட். இரண்டும் வேண்டுமா? ஷீட்டின் இணைப்பைக் குழுவின் விவரக் குறிப்பில் போடுங்கள்; 'பின்' போல அது காலாவதியாகாது.