டவுன்ஹால் ரோடு கேசட் மாற்றும் கடை: ஒரு வர்ணிப்புப் பாடகரின் ஏழு கேசட்டுகளை வைத்து

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், பழைய கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் சின்னக் கடை. மதிப்பீட்டுக்கு எடுத்தது, அழகர் வர்ணிப்பை (கள்ளழகரைப் பாடும் நாட்டுப்புறக் கதைப்பாட்டு) தானே கட்டிப் பாடி, சொந்தச் செலவில் கேசட் போட்டு, சித்திரைத் திருவிழாவில் விற்ற ஒருவரின் ஏழு தொகுப்புகள். முதல் இரண்டில் ஒரே மைக். குரலும் உடுக்கையும் சலங்கையும் மட்டும். மூன்றாவதில் கீபோர்டு நுழைகிறது. கடைசி இரண்டில் ரிதம் பேடும் எக்கோவும் குரலையே மூடுகின்றன. ஆள் ஒருவர்தான், ஆனால் ஏழுக்கும் ஒரே பக்குவம் பார்த்தால் கெட்டுப்போகும்.

டேப் வேலையில் கடைக்காரர் கெட்டிக்காரர். முதலில் கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, இறுகிய சுருளைத் தளர்த்துகிறார். இரண்டு கேசட்டில், டேப்பை ஹெட்டோடு (ஒலியைப் படிக்கும் காந்த முனை) சேர்த்து அழுத்தும் பஞ்சு உதிர்ந்திருந்தது. மதுரை வெயிலில் பசை காய்ந்தால் இதுதான் கதி. டேப் ஹெட்டில் படியாமல் 'ச', 'ஸ' எல்லாம் மங்கிவிடும். ஒட்டிய கூட்டைப் பிளந்து, திருகு போட்ட கூட்டுக்குச் சுருளை மாற்றிவிட்டார். ஹெட்டின் சாய்வையும் கேசட்டுக்குக் கேசட் திருத்துகிறார்: இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, ஓசை மிகத் தெளியும் இடத்தில் திருகை நிறுத்துகிறார். டால்பி (சீறலைக் குறைக்கும் வசதி) பொத்தானைத் தொடவில்லை. டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டுக்கு அதுதான் சரி.

வேகத்தை மட்டும் கவனிக்கவில்லை. நான்காவது கேசட்டில் கரண்ட் இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது 52-இல் நிற்கிறது. அதாவது 4 சதவீதம் கூடுதல் வேகம். குரல் கீச்சென்று ஏறிவிட்டது. சொன்ன பிறகு திருத்தித் தந்தார்.

பெரிய குறை இரைச்சல் நீக்கத்தில். டேப்பின் சீறலும் சலங்கையின் ஓசையும் ஒரே உயர் அலைவரிசையில்தான் இருக்கின்றன. சீறலை முழுக்கத் துடைத்ததில் முதல் கேசட்டின் சலங்கை செத்துவிட்டது, உடுக்கையின் தோல் அதிர்வு தகரம்போல் கேட்கிறது. அந்தப் பழைய இரண்டும்தான் இந்தத் தொகுப்பின் உயிர், மனசு வலிக்கிறது. பாட்டுப் பிரிப்பையும் மென்பொருளிடம் விட்டதால், அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் வர்ணிப்பு துண்டாகிக் கிடக்கிறது.

கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: சீறலைத் துடைக்காத மூலப் பதிவு, தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரே கோப்பு. 60 நிமிடக் கேசட்டுக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். ஏழுக்கு 16 ஜிபி பென் டிரைவ் கொண்டுபோங்கள். கேசட் அட்டையை இவர்கள் ஸ்கேன் செய்வதில்லை. பாட்டு வரிசை அதில் மட்டுமே இருக்கிறது என்பதால், இரு பக்கமும் போனில் படம் எடுத்த பிறகு கேசட்டைக் கையில் கொடுங்கள்.