வெள்ளகவியில் 20 ரூபாய் பாக்கி

320 பிராங்க் கொடுத்து வாங்கிய மலையேற்றக் காலணி, கொடைக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்குப் போகும் வழியில், டால்பின் நோஸ் பாறைக்குக் கீழே மரவேர்கள் படிக்கட்டு மாதிரி பின்னிக் கிடக்கும் இறக்கத்தில் வாயைப் பிளந்தது. முதலில் இடதுகால். பத்து நிமிடம் கழித்து வலதுகாலும். அடித்தட்டு முன்பக்கம் தொங்க, குதிகாலிலிருந்து முறுக்குத்தூள் மாதிரி ஏதோ உதிர்ந்துகொண்டே வந்தது. உடன் வந்த வழிகாட்டித் தம்பி தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் ஆடு மாதிரி தாவிப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதற்கு நன்றி.

தப்பு என்னுடையதுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது பெரியகுளத்து வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போன காலணி அது. தூசி தட்டினேன், புதிது போலவே இருந்தது. இந்தக் காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் நுரை. காற்றில் இருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். ஒரு நாள்கூடப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் இதே கதைதான். நான் இருக்கும் சுவிட்சர்லாந்தின் பெர்னில் காலணிக் கடைக்காரர் ஒருவர் இதை எனக்கு ஒருமுறை விளக்கியிருந்தார். அங்கே கேட்டதெல்லாம் இங்கே வந்ததும் எங்கே போகிறதோ.

விமானம், பஸ், கொடைக்கானல் அறை எல்லாம் சரியாகவே இருந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அனுமதி வேலையைச் சித்தப்பா மகன் பார்த்துக்கொண்டான். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, தோன்றியபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையேறுகிற காலம் முடிந்துவிட்டது. அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து 40 பாதைகளுக்கு இணையத்திலேயே முன்பதிவு நடக்கிறது. இதில் எனக்குக் குறை இல்லை. குறையெல்லாம் வழியில்தான்.

சுவிட்சர்லாந்தில் மலைப்பாதை பிரியும் இடத்தில் மஞ்சள் பலகை நிற்கும். அடுத்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுத மாட்டார்கள், எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். 1 மணி 35 நிமிடம் என்றால் 1 மணி 35 நிமிடம். இங்கே எதிரே வெண்ணெய்ப்பழ மூட்டையோடு குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தவரிடம், "ஊருக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "இந்தா, ஓர் எட்டு" என்றார். முக்கால் மணி நேரம் கழித்து எதிர்ப்பட்ட பெண்ணும் அதையே சொன்னார். பிய்ந்த காலணியை வாழைநாரால் கட்டிக்கொண்டு நடப்பவனுக்கு அந்த எட்டின் நீளம் தெரியும்.

குதிரையின் கழுத்து மணியைக் கேட்டதும் கோபம் கொஞ்சம் இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் அப்பாவின் காப்பி மண்டிக்கு வெள்ளகவிக் கொட்டை வருவது அந்தச் சத்தத்தோடுதான். பெர்னுக்கு மேலே உள்ள மலைகளில் மஞ்சள் தபால் பஸ் வளைவுக்கு வளைவு மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும். இருபது வீடு உள்ள ஊருக்கும் அந்த பஸ் போகும். வெள்ளகவிக்கு இன்றைக்கும் சாலை இல்லை. காப்பியும் மிளகும் வெளியே போவதும் அரிசியும் சிமெண்டும் உள்ளே வருவதும் குதிரை முதுகில். நோயாளி என்றால் டோலி கட்டித் தூக்க வேண்டும். நமக்கு ஒரு நாள் நடை, படம் எடுத்துக்கொள்ள அழகான இடம். அங்கே பிரசவ வலி எடுத்தவளுக்கு அது அழகான இடம் இல்லை.

எப்படியோ ஊர் எல்லைக்கு வந்து சேர்ந்தோம். "அண்ணே, இனிமேல் காலில் போடக்கூடாது, கழற்றிவிடுங்கள்" என்றார் தம்பி. இந்த வழக்கத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளகவியில் ஊர் முழுவதுமே கோயில் மாதிரி. உள்ளே யாரும் செருப்பு அணிவதில்லை. வெளியே போகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போய் எல்லை தாண்டித்தான் போட்டுக்கொள்வார்கள். எனக்கோ சுர்ரென்று ஏறியது. ஜனவரி மாதத்துப் பனி, சரளைக்கல், ஐம்பத்தி நான்கு வயது, இதில் வெறுங்காலா என்று முணுமுணுத்தேன். "கையில் எடுத்து வரலாம் அண்ணே" என்றார். வீம்புக்கு அதையும் செய்யவில்லை. வாழைநாரை அவிழ்த்து இரண்டையும் ஒரு புதர் ஓரம் எறிந்துவிட்டு நடந்தேன்.

இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. ஆல்ப்ஸ் மலைக் குடில்களிலும் வாசலிலேயே காலணியைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, அவர்கள் தரும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எத்தனை முறை போயிருக்கிறேன்! ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. "என்ன ஒழுங்கு, என்ன சுத்தம்" என்று ஊருக்குப் போன் செய்து பெருமையடித்ததுதான் உண்டு.

அப்பாவுக்குப் பழக்கமானவர் வீட்டில்தான் தங்கினோம். சோறு, ரசம், வறுத்த கருவாடு. அதோடு கடுங்காப்பி. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காலணி பின்னால் போய்விடும். மறுநாள் இந்தக் காலணியோடு மலையடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்குவது எப்படி என்று நான் கவலைப்பட்டதை அந்த வீட்டம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "எங்கள் மாமனார் காலையில் பார்ப்பார், தூங்குங்கள்" என்றார். குதிரைச் சேணம் தைக்கிற மனிதர் அவர். மலையேற்றக் காலணியில் அவருக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

விடியற்காலையில் எழுந்து பார்த்தால் பெரியவர் வீட்டில் இல்லை. எல்லைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். என் காலணி இரண்டும் மடியில். பக்கத்தில் சிரட்டையில் கங்கு. உதிர்ந்த நடு அடுக்கைக் கத்தியால் சுரண்டிக் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் பழைய சேணத்தோலை அளவாக வெட்டி வைத்திருந்தார். தோலுக்கு மேல் சாக்குத்துணி இரண்டு மடிப்பு. கோணூசியைக் கங்கில் காய்ச்சி, அடித்தட்டு ரப்பரில் வரிசையாகத் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலை இரண்டு பக்கமிருந்தும் குறுக்கே இழுத்து இறுக்கினார். ஒவ்வோர் இழுப்புக்கும் கட்டைவிரல் வெளுத்துச் சிவந்தது. முதல் காலணி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் பேசாமல் எதிரே குந்தியிருந்தேன். பெர்னில் அடித்தட்டு மாற்ற ஆறு வாரம் கேட்டார்கள், தபாலில் வேறு ஏதோ ஓர் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். செய்கிறவர் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை.

"வீட்டிலேயே உட்கார்ந்து தைத்திருக்கலாமே ஐயா, இந்தப் பனியில்..." என்றேன்.

"நீங்கள் இங்கே போட்டுவிட்டுப் போனீர்கள் தம்பி. உங்கள் பொருளை உள்ளே எடுத்து வரச் சொன்னீர்களா?" என்றார். நையாண்டியா, நிஜமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதும் முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது. மாட்டிப் பார்த்தேன். சேணத்தின் மேல் நிற்கிற மாதிரி கொஞ்சம் கெட்டியாக இருந்தது, ஆனால் அசையவில்லை. கும்பக்கரை வரைக்கும் ஒரு தையல்கூட விடவில்லை. இறக்கம் முழுவதும் முழங்கால்தான் அழுதது, காலணி இல்லை.

புறப்படும்போது எவ்வளவு என்று கேட்டேன். கூலி வேண்டாம், நூலுக்கு மட்டும் 20 ரூபாய் என்றார். என்னிடம் இருந்ததெல்லாம் 500 ரூபாய்த் தாள். அதை நீட்டினேன், கையைக்கூடத் தூக்கவில்லை. போனில் அனுப்பலாம் என்றால் சிக்னல் இல்லை. வழிகாட்டித் தம்பி சட்டைப்பையில் கைவிட்டார். "பாக்கி அவருடையது, உனக்கென்ன?" என்று அவரையும் தடுத்துவிட்டார்.

"அடுத்த முறை வரும்போது தந்துவிடுகிறேன் ஐயா" என்றேன்.

"உங்கள் அப்பாவும் மண்டியில் இதையேதான் சொல்லுவார், சில்லறை இல்லை, அடுத்த நடையில் தருகிறேன் என்று" என்றார் பெரியவர்.